யார் வீட்டுப் பிள்ளை நீ?

கல்யாண வீட்டிலோ திருவிழாவிலோ ஒரு புது முகத்தைப் பார்த்துவிட்டால் நம் பெரியவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். "யார் வீட்டுப் பிள்ளைப்பா நீ?" என்று தொடங்குவார்கள். எந்தத் தோட்டம், என்ன படிப்பு, எங்கே வேலை என்று அடுத்தடுத்துக் கேள்விகள் வரும். கேட்பவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. உறவைத் தேடுகிறார், அவ்வளவுதான்.

பதில் சொல்லும் பிள்ளையின் நிலை என்ன? கிள்ளானில் வசிக்கும் ஓர் இளைஞனை நினைத்துப் பாருங்கள். அப்பா லோரி ஓட்டுநர். தாத்தா பால்மரம் சீவிய தோட்டம் இன்று வீடமைப்புப் பகுதி. எஸ்.பி.எம். தேர்வில் கணிதம் கைவிட்டது. கிடங்கில் ஒப்பந்த வேலை. உடன் படித்தவனோ மெட்ரிகுலேஷன் முடித்துப் பல்கலைக்கழகம் போய்விட்டான். ஒவ்வொரு பதிலைச் சொல்லும்போதும் இவன் குரல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது.

அன்றிரவு அவன் மனத்தில் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. நான் யார்? எனக்கு என்ன மதிப்பு?

இந்தக் கேள்விகளைத் தொடாத சமயம் இல்லை. மன்னனின் ஆணைக்கு அஞ்ச மறுத்த அப்பர், தாம் சிவனுக்கு மட்டுமே ஆள் என்ற துணிவில்தான் நிமிர்ந்து நின்றார். கிறிஸ்துவ நம்பிக்கை இதே கேள்விகளுக்குத் தனக்கே உரிய ஒரு விடையை வைத்திருக்கிறது. அந்த விடை என்ன? நம் மக்களிடையே அது எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை? மலேசிய இந்தியர்களில் 100 பேருக்குச் சுமார் 6 பேர் கிறிஸ்துவர்கள் என்று 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டியது. எண்ணிக்கை சிறியதுதான். ஆனாலும் ஒரே குடும்பத்தில் அண்ணன் முருகனையும் தம்பி இயேசுவையும் வணங்குவது நம்மிடையே புதிதல்ல. ஆகவே, தம்பி எதை நம்புகிறான் என்று அண்ணன் தெரிந்துகொள்வதில் நன்மை உண்டு.

ஒரு வகுத்தல் கணக்கு

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1890இல் வெளியிட்ட தம் நூலில் தன்மதிப்பை ஒரு கணக்காகவே எழுதிக் காட்டினார். ஒருவன் பெற்ற வெற்றியை அவனுடைய எதிர்பார்ப்பால் வகுத்தால் கிடைப்பதே அவனுடைய தன்மதிப்பு. எதிர்பார்ப்பு கூடினால் மதிப்பு குறையும். வெற்றி கூடினால் மதிப்பு ஏறும். கல்யாண வீட்டில் அந்த இளைஞன் மனத்துக்குள் போட்டது இந்தக் கணக்கைத்தான்.

நூறாண்டுக்குப் பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜெனிஃபர் குரோக்கரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் இதை மேலும் ஆராய்ந்தனர். மாணவர்கள் தங்கள் மதிப்பை எதன்மீது கட்டி வைக்கிறார்கள் என்று பார்த்து ஏழு இடங்களைப் பட்டியலிட்டனர். பிறரின் பாராட்டு, தோற்றம், போட்டியில் வெல்வது, படிப்பு, குடும்பத்தின் ஆதரவு, ஒழுக்கம், கடவுளின் அன்பு ஆகியவையே அந்த ஏழு. தோற்றம், பிறர் பாராட்டு, மதிப்பெண் போன்ற வெளிப்பொருள்களில் தங்கள் மதிப்பை வைத்திருந்தவர்களிடம் மன அழுத்தமும் கோபமும் உறவுச் சிக்கலும் கூடுதலாக இருந்ததை அவர்கள் கண்டனர்.

காரணம் எளிது. வெளியே இருப்பது எதுவும் நம் கையில் இல்லை. மதிப்பெண் ஆண்டுக்கு ஒரு முறை வரும். முகநூல் விருப்பக் குறியோ நிமிடத்துக்கு ஒரு முறை மாறும். அவற்றில் கட்டப்பட்ட மனம் பட்டம்போல் காற்று வீசும் பக்கமெல்லாம் அலையும்.

சம்பாதிக்காத மதிப்பு

கிறிஸ்துவ நம்பிக்கை இந்தக் கணக்கை வேறு முனையிலிருந்து தொடங்குகிறது. பைபிளின் முதல் நூலான ஆதியாகமம், மனிதன் கடவுளின் சாயலில் படைக்கப்பட்டான் என்கிறது. அரசனுக்கும் குருவுக்கும் மட்டும் அந்தச் சாயல் உண்டு என்று அது சொல்லவில்லை. ஆணும் பெண்ணுமாகிய எல்லா மனிதருக்கும் அது பொது. அப்படியானால், தேர்வு எழுதுவதற்கு முன்பே, சம்பளம் வாங்குவதற்கு முன்பே, ஒரு குழந்தைக்கு முழு மதிப்பு வந்துவிடுகிறது.

அடுத்து, இயேசு சொன்ன காணாமற்போன ஆட்டின் கதை. நூறு ஆடுகளில் ஒன்று தவறிப் போகிறது. மேய்ப்பன் தொண்ணூற்றொன்பதையும் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறான். வியாபாரக் கணக்கில் இது நட்டம். ஆனால், தேடுகிறவனுக்கு அந்த ஒன்று எவ்வளவு பெரிது என்பதைக் கதை காட்டுகிறது. வழி தவறியவன் மதிப்பை இழந்துவிடவில்லை, தேடப்படுகிறான்.

மூன்றாவது, புனித பவுல் தம் கடிதங்களில் பயன்படுத்தும் தத்து என்ற சொல். அவர் வாழ்ந்த ரோமப் பேரரசில் தத்தெடுக்கப்பட்ட மகனுக்குப் பெற்ற மகனுக்குரிய பெயரும் சொத்துரிமையும் கிடைத்தன. அதைப் போலவே நம்புகிறவர்கள் கடவுளின் பிள்ளைகளாக ஏற்கப்படுகிறார்கள் என்கிறார் பவுல். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில், கிறிஸ்துவுக்குள் வந்துவிட்ட பிறகு இனம், அடிமைநிலை, ஆண் பெண் என்ற பேதங்களுக்கு இடமில்லை என்று வாதிடுகிறார்.

"யார் வீட்டுப் பிள்ளை நீ?" என்ற நம் பெரியவரின் கேள்விக்கு இதுதான் கிறிஸ்துவம் தரும் பதில். கடவுள் வீட்டுப் பிள்ளை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. தானாகக் கிடைத்த மதிப்பைக் கொண்டு யாரும் தலைக்கனம் கொள்ள முடியாது. அதே மதிப்பு பக்கத்து வீட்டுக்காரனுக்கும் உண்டு. குற்றம் குறையே இல்லாதவன் என்ற சான்றிதழும் அல்ல அது. கிறிஸ்துவ வழிபாட்டில் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பகுதி இருக்கிறது. செய்த தவற்றை ஒப்புக்கொண்ட பிறகும் துரத்தப்படமாட்டோம் என்று நம்புகிறவனுக்குத்தான் தவற்றை மறைக்காமல் சொல்லும் துணிவு வருகிறது.

பெரட்டில் நின்றவர்கள்

இந்தப் போதனை மலாயாத் தமிழரின் காதில் எப்படி விழுந்திருக்கும்? அவர்கள் வாழ்ந்த நிலையை எண்ணிப் பார்த்தால் புரியும். ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் சேர்ப்பது 1910இல் நின்றது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. விடியற்காலைப் பெரட்டில் வரிசையாக நின்று கிராணியின் புத்தகத்தில் பெயர் பதிய வேண்டும். அந்தப் புத்தகம் காட்டியது ஒரு நாள் கூலியை மட்டுமே. 'கூலி' என்ற சொல்லே ஒரு மனிதனின் பெயராகிப் போன காலம் அது.

நகரத்தில் நிலை சற்று வேறு. செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வேலைக்காகத் தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் தமிழர்கள் வந்து குடியேறினர். கோயில்களும் தேவாலயங்களும் நடந்து போகும் தூரத்தில் எழுந்தன. 1706இல் சீகன்பால்க் வந்திறங்கிய தரங்கம்பாடியில் வேர்விட்ட லுத்தரன் சபையின் தமிழர்கள் பிரிக்பீல்ட்ஸில் கட்டிய சீயோன் ஆலயம் 1924ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிள்ளானில், இன்று லிட்டில் இந்தியா என்று அழைக்கப்படும் ஜாலான் தெங்கு கிளானாவிலேயே லூர்து அன்னை ஆலயம் 1928 முதல் நிற்கிறது.

பெரட்டில் கூலிக் கணக்காக நின்றவர், ஞானஸ்நானத்தின்போது பெயர் சொல்லி அழைக்கப்பட்டார். சூசை, சவரிமுத்து, ஞானம்மாள், தேவசகாயம் என்று அந்தப் பெயர்களும் தமிழாகவே ஒலித்தன. திருவிருந்தில் துரைக்குக் கிடைத்த அதே அப்பம்தான் தொழிலாளிக்கும் என்பது போதனை.

போதனை அது. நடைமுறை எப்போதும் அப்படி இருந்ததா?

சுவர் எழுந்த ஊர்

கப்பலேறி வந்த தமிழர்கள் துணிமூட்டையோடு சாதியையும் கட்டிக்கொண்டு வந்தார்கள். தாயகத்துத் திருச்சபையே அதிலிருந்து விடுபட்டிருக்கவில்லை. இதற்குச் சாட்சி சொல்ல ஒரே ஓர் ஊர் போதும். பின்னாளில் கோலாலம்பூரின் பெயரை உலகத் தமிழரிடையே நிலைநாட்டிய ஒரு துறவியின் கதையும் அதே ஊரில்தான் திரும்புகிறது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் அந்த ஊர்.

திருவிதாங்கூர் அரசில் அதிகாரியாக இருந்த நீலகண்ட பிள்ளை 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகினார். சிறையும் சித்திரவதையும் அனுபவித்து 1752இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அந்த ஊரிலேயே 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் இரண்டு கால்கள்போலப் பிரித்துக் கட்டப்பட்டது. ஒரு பக்கம் ஒரு சாதி, மறுபக்கம் இன்னொரு சாதி, நடுவே தடுப்பு. ஒரே பீடம், ஒரே பூசை. ஆனால் ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கக்கூடாது. 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. எதிர்த்தவர்கள் நீதிமன்றம் வரை போனார்கள். ஆனாலும் சுவர் திரும்பி எழவில்லை.

2022 மே 15ஆம் நாள் போப் பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது, 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் இல்லாமல் அவர் பெயர் வாசிக்கப்பட்டது. பட்டத்தை நீக்கும்படி முன்கூட்டியே வேண்டுகோள் விடுக்கப்பட்டிருந்தது. கடவுளின் பிள்ளை என்ற பெயர் போதும், சாதிப் பிள்ளை வேண்டாம் என்று சபை தெளிவாகச் சொல்ல 270 ஆண்டுகள் ஆயின.

இதிலிருந்து தெரிவது என்ன? ஞானஸ்நானத் தண்ணீர் பட்டதுமே பழைய அடையாளம் கரைந்துவிடுவதில்லை. கொடுக்கப்பட்ட மதிப்பை நம்புவதற்கே ஒரு சமுதாயம் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட வேண்டியிருக்கிறது.

தமிழைக் கண்டெடுத்த துறவி

வடக்கன்குளத்துப் பள்ளிக்கு 1940இல் ஓர் இளம் குரு ஆசிரியராக வந்தார். யாழ்ப்பாணத்தை அடுத்த ஊர்காவற்றுறைக் கரம்பொன்னில் 1913இல் பிறந்தவர். பெயர் சேவியர் ஸ்தனிஸ்லாஸ். ரோமாபுரியில் இறையியல் படித்துக் குருப்பட்டம் பெற்றவர். இலத்தீனும் இத்தாலியமும் கைவந்தவர். ஆனால், தம் தாய்மொழியின் இலக்கியத்தை முறையாகப் படித்திருக்கவில்லை.

உலகத்தையே சுற்றி வந்தவருக்கு வீட்டு வாசல் தெரியாத நிலை. அவர் வெட்கப்பட்டு ஒதுங்கவில்லை. பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் மாணவராக அமர்ந்தார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்றார். சங்க இலக்கியத்தில் இயற்கை பற்றி ஆய்வு செய்தார். முன்னோரின் பெயரான தனிநாயகத்தைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். சேவியர் என்ற ஞானஸ்நானப் பெயரையும் விடவில்லை. உலகம் அறிந்த தனிநாயகம் அடிகள் இவர்தான்.

1961இல் அவர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைவராக வந்தார். அந்தத் துறையில் தமிழ் இடம்பெற்றதற்குப் பின்னால் சாதாரண மக்களின் உழைப்பு இருந்தது. தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 1950களில் 'தமிழ் எங்கள் உயிர்' என்ற நிதியைத் தொடங்கியபோது தொழிலாளர்கள் வெள்ளி வெள்ளியாகக் கொடுத்தார்கள். 'கூலி' என்று அழைக்கப்பட்டவர்கள் தங்கள் மொழிக்குப் பல்கலைக்கழகத்தில் நாற்காலி தேடிக் கொடுத்தார்கள்.

அடிகள் அந்த உழைப்புக்குக் கைம்மாறு செய்தார். 1964இல் டில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கோலாலம்பூரில் நடத்திக் காட்டினார். பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் தொடங்கி வைத்தார். வத்திக்கான் நூலகத்தில் தாம் கண்டெடுத்த, 1679இல் அச்சான புரோயென்சா பாதிரியாரின் தமிழ் போர்த்துகீசிய அகராதியை அதே ஆண்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் வழியாக மறுபதிப்பாக வெளியிட்டார்.

1969 வரை இங்கே பணியாற்றிய அடிகள் 1980இல் மறைந்தார். கடைசிவரை குருவாகவே வாழ்ந்தார். அவருடைய கிறிஸ்துவ நம்பிக்கை அவரிடமிருந்து தமிழைப் பறிக்கவில்லை. குருவாகப் பணிக்கு வந்த இடத்தில்தான் தமிழ் அவருக்குக் கிடைத்தது. தமிழ்ப் பற்று அவருடைய நம்பிக்கையைக் குறைக்கவும் இல்லை. "நீ தமிழனா, கிறிஸ்துவனா?" என்று சீண்டிக் கேட்பவர்களுக்கு அவருடைய வாழ்க்கையே போதுமான பதில்.

இன்று எப்படி நடக்கிறது?

மீண்டும் நம் கிள்ளான் இளைஞனிடம் வருவோம். அவன் தேவாலயத்தில் எதைக் காண்கிறான்?

முதலில், அவனைப் பெயர் சொல்லி அழைக்கும் ஒரு வட்டம். வீட்டு ஜெபக்கூட்டம், கத்தோலிக்கரிடையே அன்பியம் என்று பத்துப் பதினைந்து பேர் கூடும் சிறு குழுக்கள் உண்டு. ஒரு வாரம் வராவிட்டால் "என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று அங்கே யாராவது கேட்பார்கள்.

இரண்டாவது, ஒரு பொறுப்பு. வேதம் வாசிப்பது, கித்தார் வாசிப்பது, நாற்காலி அடுக்குவது என்று ஏதோ ஒன்று. தேசியப் பள்ளியில் படித்ததால் தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை, பாட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டக் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாவது, சாட்சி. ஒருவர் எழுந்து நின்று தம் வாழ்வில் நடந்ததைச் சபையின் முன் சொல்வது. குடித்தேன், விழுந்தேன், எழுந்தேன் என்று சொல்லும்போது அதே கடந்த காலத்துக்குப் புதுப் பொருள் பிறக்கிறது. தன் கதையை ஒருவன் எப்படிச் சொல்லிக்கொள்கிறானோ அதுவே அவன் அடையாளமாகிறது என்கிறார் உளவியலாளர் டான் மெக்காடம்ஸ். துன்பம் நன்மையாக மாறியதாகச் சொல்லப்படும் கதைகளை ஆராய்ந்து 2006இல் ஒரு நூலே எழுதினார்.

கவனிக்க வேண்டிய பள்ளங்கள்

இந்தப் பாதையில் பள்ளங்களும் உண்டு.

ஒன்று, ஆசீர்வாதத்தை அளக்கும் பழக்கம். புதுக் கார், பெரிய வீடு, பதவி உயர்வு கிடைத்தவனைத்தான் கடவுள் நேசிக்கிறார் என்று போதித்தால் பழைய வகுத்தல் கணக்கு பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். கிடங்கு வேலைக்காரன் அங்கேயும் பின்வரிசையில் உட்கார வேண்டியதுதான்.

இரண்டு, பெற்றவர்களைப் பார்த்து வெட்கப்படுவது. புதிதாக நம்பிக்கைக்கு வந்த பிள்ளை, அம்மாவின் நெற்றிப் பொட்டையும் சாமி அறையையும் இழிவாகப் பேசினால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? தீபாவளிக்கு வீடு வராத மகனால் ஒரு தாயின் மதிப்பு குலைகிறது. தனக்கு மதிப்பைத் தந்த நம்பிக்கை இன்னொருவரின் மதிப்பைப் பறித்தால், ஆண் பெண் எல்லாருக்கும் பொதுவான அந்தச் சாயலை அவன் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்று பொருள். பெற்றோரை மதிக்கச் சொல்வது பத்துக் கட்டளைகளில் ஒன்று. பெற்றோர் எந்தச் சமயத்தவர் என்று அது கேட்கவில்லை.

மூன்று, நோயை நம்பிக்கைக் குறைவு என்று சொல்வது. நான் எதற்கும் உதவாதவன் என்ற எண்ணம் வாரக்கணக்கில் விடாமல் அழுத்தினால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ஜெபம் செய்வதோடு மருத்துவரையும் பார்க்க வேண்டும். பேச ஆளில்லாதவர்கள் 24 மணி நேரமும் தொலைபேசியில் காது கொடுக்கும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பை அழைக்கலாம். காய்ச்சலுக்கு மருந்து எடுப்பது எப்படி அவநம்பிக்கை இல்லையோ, இதுவும் அப்படித்தான்.

பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

நாம் எந்தச் சமயத்தவராக இருந்தாலும் நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த இரண்டு கேள்விகளோடுதான் வளர்கிறார்கள். வீட்டில் விடை கிடைக்காதவர்கள் அதைத் தெருவில் தேடுவார்கள். குண்டர் கும்பலும்கூட ஒரு பெயரையும் ஓர் எண்ணையும் ஒரு கூட்டத்தையும் கொடுக்கத் தயாராகவே இருக்கிறது. தேவாலயமோ கோயிலோ பள்ளியோ இளைஞர் மன்றமோ முந்திக்கொள்ளாவிட்டால் அது முந்திக்கொள்ளும்.

ஆகவே, அடுத்த கல்யாண வீட்டில் ஒரு புது முகத்தைப் பார்த்தால் கேள்வி வரிசையைக் கொஞ்சம் மாற்றிப் பார்ப்போம். தேர்வு முடிவையும் சம்பளத்தையும் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதலில் பெயரைக் கேட்போம். "சாப்பிட்டாயா தம்பி? வா, இங்கே உட்கார்" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டுவோம். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்பது அதற்குப் பிறகு தெரிந்தால் போதும்.